நட்ட மயிர் ஏன் உதிர்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன்பு புது தில்லியில் எம்முடன் அலுவல் புரிந்துவந்த கான்பூர் இளைஞர் ஒருவர், ஒரு நாள் காலையில் சிறு காகிதப் பொட்டலமொன்றைக் கொண்டுவந்து எம் மேசைமீது பிரித்து வைத்தார். அதனுள்ளே அரைச் செண்டிமீட்டருக்கும் குறைவான மயிரிழைகள் நாற்பது, ஐம்பது கிடந்தன. நான்கு வாரங்களுக்கு முன்னர் அவர் மயிர் நடவுச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். பின்தலையிலிருந்து மயிர்க்கால்களை எடுத்து, நெற்றிக்கு மேலே வழுக்கை விழுந்திருந்த இடத்தில் நட்டிருந்தனர். அதன் பொருட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பெற்றிருந்தார். இரண்டு மாதத்தில் திருமணமும் நிச்சயமாகியிருந்தது. நட்டவை யாவும் தலையணையிலும் குளியலறையிலும் உதிர்ந்து வருவதாகவும், கடனும் பட்டு மயிரையும் இழந்ததாகவும் கூறி வருந்தினார். சிகிச்சை செய்த மருத்துவர், இது எதிர்பார்த்ததே என்று சொல்லியனுப்பிவிட்டாராம். ஏன் எதிர்பார்க்கப்பட்டது என்பதை விளக்கியிருந்தால் அவர் அடுத்த தெருவிலே ஒரு குப்பி தைலத்துக்குப் பெருந்தொகை கொடுத்திருக்கமாட்டார்.

இளைஞர் கண்டது உண்மை. மயிர் உதிர்ந்தது. ஆனால் உதிர்ந்தது மயிரே அன்றி, நட்ட பொருள் அன்று. இவ்வேறுபாட்டை அறிந்துகொண்டால் மயிர் நடவு மட்டுமன்றிக் காய்ச்சலுக்குப்பின் மயிர் உதிர்தல், பிள்ளைப்பேற்றுக்குப்பின் உதிர்தல் முதலிய பலவும் விளங்கிவிடும். மாவட்டத் தலைநகர்களிலும் இச்சிகிச்சைக்கான நிலையங்கள் பெருகிவிட்ட இந்நாளில், ஆசிரியர்களிடமும் களப்பணியாளர்களிடமும் இது குறித்துக் கேட்போர் பலர் இருப்பர் என்பதால், செய்தியைச் சற்று விரிவாகவே கூறுகிறோம்.

மயிரும் மயிர்க்காலும்

கண்ணுக்குத் தெரியும் மயிர் உயிரற்ற பொருள். நகத்திலும் மாட்டுக் கொம்பிலும் உள்ள கெராட்டின் என்னும் புரத வகையே அதிலும் உள்ளது. ஆதலின் வெட்டினால் வலிப்பதில்லை. உயிர் இருப்பது மயிர்க்காலிலேதான். தோலின் மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீட்டர் ஆழம் வரை சாய்வாக இறங்கி நிற்கும் இச்சிறு பை, தன்னளவில் ஓர் உறுப்பு என்றே கொள்ளத்தக்கது. அதன் அடிப்பாகம் கிழங்கு போலப் பருத்திருக்கும். கிழங்கின் அடிக்குழிவில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நுழையும் திசுமுளை ஒன்று உள்ளது. இம்முளையைச் சூழ்ந்த உயிரணுக்கள் இடையறாது பெருகி, மேல்நோக்கித் தள்ளப்பட்டு, கடினமுற்று, இறந்து, மயிராக வெளிவருகின்றன.

பையின் பக்கத்தே எண்ணெய்ச் சுரப்பியொன்றும், அதற்குச் சற்றுக் கீழே, குளிரிலும் அச்சத்திலும் மயிரைச் சிலிர்க்கச் செய்யும் நுண்தசையொன்றும் இணைந்திருக்கின்றன. அத்தசை வந்து பற்றும் இடத்தில் சிறு புடைப்பு உண்டு. நெடுங்காலம் அதனை ஒருவரும் பெரிதாகக் கருதவில்லை. மயிர்க்காலைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கவல்ல மூல உயிரணுக்கள் அப்புடைப்பிலே தங்கியிருக்கின்றன என்பதை 1990-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எலியின் தோலில் கண்டு வெளியிட்டனர். மனிதனின் மயிர்க்காலிலும் அத்தகைய உயிரணுக்கள் அங்கே இருப்பது பின்னர் தெரியவந்தது. நடவு வெற்றி பெறுவதன் இரகசியம், கிழங்கும் புடைப்பும் சிதையாமல் மயிர்க்கால் முழுமையாக இடம் மாறுவதில் அடங்கியுள்ளது.

இங்கு ஒரு கிளைச்செய்தி. குழந்தைக்கு மொட்டை அடித்தால் மயிர் அடர்த்தியாக வளரும் என்னும் நம்பிக்கை நாடெங்கும் உண்டு. சவரம் செய்வதனால் மயிரின் வளர்ச்சி வேகமோ பருமனோ மாறுவதில்லை என்பதை மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் 1928-இலேயே அளந்து காட்டிவிட்டார். கத்தி தொடுவது உயிரற்ற பகுதியை. உற்பத்தி நிகழ்வதோ ஆழத்தில். வெட்டுண்ட முனை மழுங்கியிருப்பதால் தடவுகையில் தடித்ததாகத் தோன்றுகிறது, அவ்வளவே. முடியிறக்குதல் வேண்டுதலின் பொருட்டு நிகழ்வது. அதில் விஞ்ஞானத்துக்கு வழக்கொன்றும் இல்லை.

மூன்று பருவங்கள்

மயிர்க்கால் ஓயாது உழைக்கும் உறுப்பன்று. அதற்கு வளர்பருவம், ஒடுங்குபருவம், ஓய்வுப்பருவம் என மூன்று பருவங்கள் உண்டு. தலையில் வளர்பருவம் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை நீடிக்கும். பின்னர் இரண்டு மூன்று வாரங்களில் கிழங்கு சுருங்கி, மயிர்க்காலின் கீழ்ப்பகுதி ஒடுங்கி மேலேறிவிடும். அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதம் ஓய்வு. ஓய்வின்போது பழைய மயிர் வெறுமனே செருகிவைத்த குச்சிபோல நிற்கும், பின்னர் உதிரும். திசுமுளைக்கும் புடைப்பிலுள்ள மூல உயிரணுக்களுக்கும் இடையே மீண்டும் தொடர்பு ஏற்பட்டு, புதிய கிழங்கு உருவாகி, புதுமயிர் புறப்படும்.

வகுப்பில் கணக்காகவே இதனைச் செய்து காட்டலாம். தலையில் சுமார் ஓர் இலட்சம் மயிர்கள் உள்ளன. அவற்றுள் பத்தில் ஒரு பங்கு, அதாவது பதினாயிரம், ஓய்வில் இருப்பதாகக் கொள்வோம். ஓய்வுக்காலம் நூறு நாள் எனின், ஒரு நாளைக்கு உதிர வேண்டியவை நூறு. சீப்பில் தினமும் ஐம்பது முதல் நூறு மயிர் வருவது இயல்பே என்று மருத்துவர்கள் கூறுவது இக்கணக்கை ஒட்டியதே.

உதிர்ந்த மயிரைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதன் அடிநுனியில் வெண்மையான சிறு குமிழ் தெரியும். அதைக் கண்டு வேரோடு வந்துவிட்டது என்று பலர் அஞ்சுகின்றனர். அது வேர் அன்று. ஓய்வுப்பருவத்தில் மயிரின் அடிநுனி உலர்ந்து தடித்த பகுதி. வேர் தோலுக்குள்ளேயே இருக்கிறது. எம் நண்பரின் பொட்டலத்தில் இருந்த இழைகள் சிலவற்றிலும் இத்தகைய நுனியே காணப்பட்டது.

மயிரின் நீளத்தை நிருணயிப்பதும் பருவமே. தலைமயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் வளரும். நரைத்த தலைக்குச் சாயமிடுவோர் அடுத்த மாதம் அடியில் தெரியும் வெள்ளைப் பட்டையை அளந்தால் இது புலப்படும். புருவமயிரின் வளர்பருவமோ சில வாரங்கள் மட்டுமே. ஆகவே அது நீளும் முன்பே உதிர்ந்துவிடுகிறது. புருவத்தை நாம் வெட்டிக்கொள்ளாமலே அது குட்டையாக இருப்பதன் காரணம் இதுதான். இச்செய்தி பின்னர்ப் பயன்படும்.

வேறு பல விலங்குகள் பருவகாலத்தில் ஒருசேர மயிர் உதிர்ப்பதுபோல் மனிதன் உதிர்ப்பதில்லை. நமது மயிர்க்கால்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கால அட்டவணையில் இயங்குகின்றன. எனினும் உடலுக்குப் பேரதிர்ச்சி நேர்ந்தால் பல மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குச் சென்றுவிடும். டைபாய்டு, டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், பிள்ளைப்பேறு, பெரிய அறுவை, கடும் பட்டினி ஆகியவற்றுக்குப்பின் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மயிர் கொத்துக் கொத்தாக உதிர்வது இதனால்தான். ஆல்பர்ட் கிளிக்மன் என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர் 1961-இல் இதற்குத் தனிப்பெயரிட்டு விளக்கினார். நோய்க்கும் உதிர்தலுக்கும் இடையே மாதங்கள் கழிந்துவிடுவதால் மக்கள் இரண்டையும் இணைத்துப் பார்ப்பதில்லை. ஊரின் தண்ணீரையோ புதிய சோப்பையோ குறை கூறுகின்றனர். களப்பணியாளர் இத்தகைய தாய்மாரிடம், மூன்று மாதத்துக்கு முன் என்ன நேர்ந்தது என்று கேட்பது நலம். பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மயிரும் சில மாதங்களில் தானே திரும்பிவிடும். உதிர்தல் ஆறு மாதத்துக்கு மேலும் நின்றபாடில்லை எனில் இரத்தச்சோகை, தைராய்டு குறைபாடு ஆகியவை உண்டா என மருத்துவர் பார்க்கவேண்டும்.

ஒகுடாவும் ஓரென்ட்ரைக்கும்

ஜப்பானியத் தோல் மருத்துவர் ஷோஜி ஒகுடா 1939-இல் தம் நாட்டு மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரைகளில், இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளைக்கருவியால் மயிருள்ள தோலைச் சிறு உருளைகளாக எடுத்து, தழும்பால் மயிரிழந்த இடங்களிலும் புருவத்திலும் பதித்த முறையை விவரித்திருந்தார். உலகப் போர் மூண்டது. ஜப்பானிய மொழியில் இருந்த அக்கட்டுரைகளை மேல்நாட்டார் நெடுங்காலம் அறியவில்லை.

நியூயார்க்கைச் சேர்ந்த நார்மன் ஓரென்ட்ரைக் 1952-இல் ஆண்களின் சாதாரண வழுக்கைக்கு இம்முறையைக் கையாண்டு, 1959-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர் எழுப்பிய கேள்வி எளியது. வழுக்கை விழுவது இடத்தின் குற்றமா, மயிர்க்காலின் குற்றமா? மயிருள்ள தோலை வழுக்கையிடத்திலும், வழுக்கைத் தோலை மயிருள்ள இடத்திலும் மாற்றி மாற்றிப் பதித்துப் பார்த்தார். சாதாரண வழுக்கையில், மயிருள்ள தோல் வழுக்கையின் நடுவிலும் மயிர் வளர்த்தது. வழுக்கைத் தோல் மயிர்க்காட்டின் நடுவிலும் வழுக்கையாகவே நின்றது. எனவே மயிர்க்கால் தன் பிறந்த இடத்தின் குணத்தைப் புதிய இடத்துக்கும் எடுத்துச்செல்கிறது என்று கண்டார். மயிர் நடவுக் கலை முழுவதும் இவ்வொரு கண்டுபிடிப்பின்மீது நிற்கிறது.

இதற்கான காரணத்தின் ஒரு பகுதியை ஜேம்ஸ் ஹாமில்டன் முன்னரே, 1942-இல், காட்டியிருந்தார். பருவமடையுமுன் ஆண்மைச் சுரப்பியை இழந்தோர் வழுக்கையாவதில்லை. அவர்களுள் குடும்பவழி உடையோர்க்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் வழுக்கை தோன்றுகிறது. அச்சுரப்புநீர் உடலில் டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாறி, நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்களைச் சுற்றுக்குச் சுற்று இளைக்கச் செய்கிறது. வளர்பருவம் குறுகி, தடித்த மயிர் பூனைமயிராகிறது. பின்தலையிலும் காதோரத்திலும் உள்ளவை இதற்கு இசைவதில்லை. அதே இரத்தம் பாயினும், அதே தலையாயினும், இவை வேறு இனத்து நாற்று எனலாம்.

நட்டபின் நிகழ்வன

இன்று பெரிய தோலுருளைகளை எவரும் நடுவதில்லை. தலையில் மயிர் ஒவ்வொன்றாக அன்றி, ஒன்று முதல் நான்கு வரை கொத்துக் கொத்தாக முளைப்பதை 1984-இல் ஜான் ஹெடிங்டன் நுண்ணோக்கியின் கீழ் கண்டு விவரித்தார். அக்கொத்துகளைப் பிரித்தெடுத்து நடும் முறை 1990-களில் பரவியது. பின்தலையில் ஒரு பட்டைத் தோலை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் கொத்துகளாகப் பகுப்பது ஒரு வகை. ஒரு மில்லிமீட்டர் அளவிலான துளைக்கருவியால் கொத்துகளை ஒவ்வொன்றாக எடுப்பது மற்றொரு வகை. எடுத்த கொத்துகளைக் குளிர்ந்த உப்புநீர்க் கரைசலில் வைத்திருப்பர். அவற்றுக்குப் பெரும்பகை உலர்தல். சில நிமிடம் காற்றில் காய்ந்தாலும் மயிர்க்கால் மடியக்கூடும்; அப்படி மடிந்தது பிறகு எந்தத் தைலத்தாலும் எழாது.

இரத்தக் குழாய்களிலிருந்து அறுபட்டு வந்த கொத்து புதிய இடத்தில் முதல் இரண்டு மூன்று நாள், சுற்றிலும் கசியும் நிணநீரை உறிஞ்சியே பிழைக்கிறது. பின்னர் அடித்தோலின் நுண்குழாய்கள் அதன் குழாய்களோடு கூடுகின்றன. சில நாட்களில் இரத்த ஓட்டம் நிலைபெறுகிறது. பழைய நாளில் நான்கு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உருளைகளை நட்டபோது, விளிம்பு மயிர் மட்டும் பிழைத்து நடுவே வெறுமையாக, வடைபோல வளையம் தோன்றியதுண்டு. நிணநீர் நடுப்பகுதியை எட்டும் முன் அங்குள்ள மயிர்க்கால்கள் இறந்துவிட்டன. சிறு கொத்துகளில் இக்குறை இல்லை.

நட்ட இடத்தில் பொருக்குத் தட்டி, ஏழு முதல் பத்து நாளில் விழும். சுமார் பத்து நாள் வரை கொத்து பெயர்ந்துவிடக்கூடிய நிலையிலேயே இருக்கும் என்பதால், சொறிதலும் பொருக்கை உரித்தலும் கூடா. அதன்பின் மயிரைப் பிடித்து இழுத்தாலும் வருவது மயிரே. மயிர்க்கால் தோலோடு ஒன்றிவிட்டது.

இனி, நம் இளைஞர் கலங்கிய கட்டத்துக்கு வருவோம். இரண்டாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரத்துக்குள் நட்ட மயிரில் பெரும்பகுதி உதிரும். காய்ச்சலின் அதிர்ச்சியால் மெல்ல நிகழ்வது இங்கே விரைந்து நிகழ்கிறது. சில மணிநேரம் இரத்தமின்றி இருந்த கிழங்கு தன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மயிர்க்கால் ஒடுங்கி, ஓய்வுக்குள் புகுந்துவிட்டது. அதன் பிடியிலிருந்து நழுவிய மயிர் வெளியேறுகிறது. திசுமுளையும் புடைப்பும் உள்ளே பத்திரமாக உள்ளன. ஒரு சிலவற்றில் மயிர் உதிராமலே தொடர்ந்து வளர்வதும் உண்டு. அது நல்வாய்ப்பேயன்றி விதியன்று. உதிர்ந்தவர் தோல்வியுற்றவரும் அல்லர்.

நெல் நடவைக் கண்டவர்க்கு இது புதிதன்று. நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட பயிர் சில நாள் வெளுத்து வாடி நிற்கும். வேரூன்றியபின் பச்சை பிடிக்கும். அவ்வாடிய பயிரைப் பிடுங்கிப் பார்க்கும் உழவன் இல்லை. நெல்லுக்குப் போதுமான சில நாள், மயிர்க்காலுக்குப் போதவில்லை. காரணம், அதன் ஓய்வுப்பருவம் இயற்கையிலேயே மூன்று மாதம். ஒடுங்குவதற்கு இரண்டு மூன்று வாரம், ஓய்வுக்கு மூன்று மாதம் என்று கூட்டினால் மூன்றரை மாதத்துக்கு மேல் வரும். நட்ட மயிர் மூன்றாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையே முளைக்கத் தொடங்குகிறது என்று மருத்துவர்கள் அனுபவத்தால் கூறுவதும், இக்கணக்கும் ஏறத்தாழ ஒத்துவருவதைக் காண்க.

முளைக்கும் மயிர் முதலில் மெலிந்தும், வெளிறியும், சிலரிடம் சுருண்டும் இருக்கும். தோலைத் துளைத்து வருகையில் சிறு பருக்கள் தோன்றலாம். கிள்ளாமல் விட்டால் பெரும்பாலும் ஆறிவிடும், பெருகினால் மருத்துவரிடம் காட்டவேண்டும். எல்லா மயிர்க்கால்களும் ஒரே நாளில் விழிப்பதில்லை. நான்காம் மாதத்தில் முளைத்தது மாதம் ஒரு செண்டிமீட்டராக ஆறாம் மாத முடிவில் இரண்டு செண்டிமீட்டரும், ஆண்டு நிறைவில் எட்டு செண்டிமீட்டரும் இருக்கும். ஏழாம் மாதத்தில் முளைத்தது அவ்வளவு இராது. ஆகவே ஆறாம் மாதத்தில் தலை ஒழுங்கற்றுத் தோன்றுவது இயல்பு. ஓராண்டில் பயன் ஏறக்குறைய முழுமை பெறும். உச்சியிலுள்ள சுழிப்பகுதியில் ஒன்றரை ஆண்டும் ஆகலாம்.

மற்றொன்றும் முன்கூட்டியே சொல்லப்படவேண்டும். நட்ட மயிரோடு, அதன் அருகே முன்னமே இருந்த மயிரும் அதிர்ச்சியால் சில காலம் உதிர்வதுண்டு. அதனால் இரண்டாம் மாதத்தில் சிலர் சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட வழுக்கையாகத் தோன்றுவர். திருமணத்துக்கோ நேர்முகத் தேர்வுக்கோ அழகாகத் தோன்ற விரும்பி, இரண்டு மாதம் முன்னதாக இச்சிகிச்சையை மேற்கொள்வதைவிடப் பொருத்தமற்ற காலம் வேறில்லை. நாள் குறிக்குமுன் இதைச் சொல்லாத நிலையங்கள் உண்டு என்பது வருந்தத்தக்கது.

புருவத்தில் தலைமயிர்

வழுக்கை ஒருவரின் உடல்நலத்தைக் கெடுப்பதில்லை. அதற்குச் சிகிச்சை வேண்டுவதும் வேண்டாததும் அவரவர் விருப்பம். ஆனால் மயிரிழப்பு ஒருவரை ஊரைவிட்டே விலக்கிய நிலையும் நம் நாட்டில் இருந்தது. அது இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. தொழுநோயின் ஒரு வகையில் புருவமயிர், பெரும்பாலும் வெளிப்புற ஓரத்திலிருந்து தொடங்கி, உதிர்ந்துவிடும். கூட்டு மருந்துச் சிகிச்சையால் நோய் முற்றிலும் குணமானபின்னும் அது பலர்க்குத் திரும்புவதில்லை. கிருமி நீங்கியவரை, புருவமற்ற முகம் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். தொழுநோய்ப் பணியில் பழகிய களப்பணியாளர்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிய கைவிரல்களை அறுவையால் நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்ட், அவர்களுக்குப் புருவமும் அமைத்தார். இரத்தக் குழாயோடு கூடிய தலைத்தோல் துண்டினை நெற்றித்தோலின் அடியே சுரங்கம்போல் கொண்டுவந்து புருவ இடத்தில் பொருத்துவது அவர் முறை. இரத்தக்குழாய் அறுபடாமல் வருவதால் இது கொத்து நடவினின்றும் வேறுபட்டது. எனினும் ஓரென்ட்ரைக் கண்ட விதி இங்கும் செல்லும். தலையிலிருந்து வந்த மயிர் தலைமயிராகவே வளரும். புருவத்தில் அமர்ந்தும் மாதம் ஒரு செண்டிமீட்டர் நீண்டுகொண்டே செல்லும். அடிக்கடி கத்தரித்துக்கொள்ள வேண்டும். நெடுநாள் புருவமின்றி இருந்தோர் சிலர், வந்த பெருமிதத்தில், கத்தரிக்காமல் புதர்போல் வளரவிட்டதாகப் பிராண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இன்று கொத்து நடவாலும் புருவம் அமைக்கப்படுகிறது. நோய் அடங்கியதை மருத்துவர் உறுதி செய்தபின்னரே இதனைச் செய்யவேண்டும்.

விதி முற்றிலும் இறுக்கமானதும் அன்று. 2002-இல் கொரிய ஆராய்ச்சியாளர்கள், பின்தலை மயிரைக் காலில் நட்டபோது அதன் வளர்ச்சி வேகம் குறைந்ததைக் கண்டு அறிவித்தனர். விதை தன் குணம் காட்டினும், நிலமும் சிறிது பேசுகிறது போலும்.

எவர்க்கு ஆகாது

பின்தலையில் உள்ள இருப்பு வரம்புடையது. எடுத்த இடத்தில் அம்மயிர்க்கால் மீண்டும் முளைப்பதில்லை. வாழ்நாள் முழுவதற்கும் எடுக்கத்தக்கவை சில ஆயிரம் கொத்துகளே. பிறருடைய மயிரை நடவும் இயலாது. அயலாரின் தோலை உடல் தள்ளிவிடும். ஆகவே இருபது, இருபத்திரண்டு வயதில் அவசரப்படுவது தகாது. நட்டது நின்று, அதன் பின்னே உள்ள சொந்த மயிர் ஆண்டுதோறும் உதிர்ந்துகொண்டே போனால், முன்னே ஒரு வேலியும் பின்னே ஒரு பொட்டலுமாகத் தலை காட்சியளிக்கும். வழுக்கை எதுவரை செல்லும் என்பதைத் தாய்வழி, தந்தைவழி இரண்டையும் பார்த்து மதிப்பிடவேண்டும். தாய்மாமன் தலையை மட்டும் பார்ப்பது போதாது.

காய்ச்சலுக்குப்பின் உதிர்ந்தவர்க்கு நடவு தேவையே இல்லை. புழுவெட்டு எனப்படும் வட்டச் சொட்டை நோயில், பெயரைக்கொண்டு புழுவோ பூச்சியோ காரணம் என நம்புவர். உண்மையில் உடலின் தற்காப்பு அணுக்களே மயிர்க்காலைத் தாக்குகின்றன. அந்நோய் நிலவுகையில் நட்டால், நட்டதும் தாக்கப்படும். பள்ளிச் சிறுவர் தலையில் செதிலோடு கூடிய சொட்டை கண்டால் அது பூஞ்சைப் படர்தாமரையாக இருக்கலாம், மற்றவர்க்கும் தொற்றும், மருந்தால் தீரும். ஆசிரியர் அச்சிறுவனை ஏளனத்துக்கு ஆளாக்காமல் மருத்துவரிடம் அனுப்பவேண்டும்.

நடவு சிறு அறுவையாயினும் அறுவையே. மரத்துப்போகச் செய்யும் ஊசி அளவு மீறினால் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும். தூய்மை குன்றினால் சீழ் பிடிக்கும். தகுதியற்றோர் செய்த சிகிச்சையால் உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறியில், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவரே இதனைச் செய்யவேண்டும் என்றும், பயிலரங்கிலோ யூடியூப் காணொளியிலோ பார்த்தறிதல் போதிய பயிற்சியாகாது என்றும் கூறியுள்ளது. செலவை விசாரிக்குமுன், ஊசி போடப்போகிறவர் யார், கீறப்போகிறவர் யார் என்று விசாரிப்பது முறை.

எம் நண்பரின் திருமணம் குறித்த நாளில் கான்பூரிலே நடந்தது. அப்பகுதி வழக்கப்படி மணமகன் தலைப்பாகை அணிந்திருந்ததால், விருந்தினர் எவரும் எதையும் கண்டிலர். நான்காம் மாதத்தின் இறுதியில் அவர் மீண்டும் எம் மேசைக்கு வந்து தலையைச் சாய்த்து அமர்ந்தார். பூதக்கண்ணாடியின் கீழ், ஓர் அஞ்சல் தலை அளவுள்ள இடத்தில் பதினான்கு மெல்லிய மயிர் முளைத்திருந்தன. ஐந்தாம் மாதத்தில் அதே இடத்தில் முப்பதுக்கு மேல் எண்ணினோம். ஏழாம் மாதத்தில் எண்ணுவதைக் கைவிட்டோம். மயிர் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைத்தது. கூட்டுறவுச் சங்கத்துக்கு இன்னும் பதினொரு தவணை பாக்கி இருந்தது.